இரண்டு ஈடு நெஞ்சுக்கறி

ஓவனின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தட்டு நிறையக் கோழியின் நெஞ்சுத் துண்டுகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், மிளகும் பூண்டும் பூசிக்கொண்டு படுத்திருந்தன. ஓரங்களில் நீர் விட்டு, அந்த நீர் கொதித்து, வெள்ளைக் கறி கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறியது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். மாதா கோயிலில் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் வேலையில் இறங்கியிருந்தேன். செஞ்சிக் கோட்டைக் குரங்குகளுக்குப் பயந்து பின்பக்க ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு, தெருப்பக்க ஜன்னல்களை விரியத் திறந்து வைத்திருந்தேன். வாசனை வெளியே போகட்டும் என்றுதான். இந்த வீட்டுக்கு இன்றைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தெருவுக்குத் தெரிய வேண்டாமா?

எதிர்வீட்டு அம்மா ஜன்னலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். படாரென்று சாத்திக்கொண்டார். வெயிலுக்காகச் சாத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சுற்றிலும் பாறை மலை இருக்கிற ஊரில் வெயிலுக்கு ஜன்னல் சாத்துவது அதிசயமில்லை.

என் மனைவி லூர்து இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மகன் லீவில் வந்திருந்த நாட்களைத் தவிர, இந்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து ஒருவரும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. ஒற்றைத் தட்டு, ஒற்றை டம்ளர். அன்றைக்குத்தான் பரணிலிருந்து தட்டுகளை இறக்கித் துடைத்து அடுக்கியிருந்தேன்.

யாருக்கும் வேண்டாத துண்டு

தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சவரிமுத்து. சொந்த ஊர் செஞ்சியை அடுத்த வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். செஞ்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டி முப்பது வருடம் பிராய்லர் கோழிக்கடை வைத்திருந்தவன்.

ஒரு கோழியில் யாருக்கு எந்தத் துண்டு என்பதை வைத்தே ஒரு குடும்பத்தை எடை போட்டுவிடலாம். மருமகன் வந்திருக்கிறாரா, பிள்ளைக்குப் பரீட்சையா, மாமியார் மருமகள் பேச்சுவார்த்தையில் இருக்கிறார்களா, எல்லாம் கறி வாங்குகிற தினுசிலேயே தெரியும். "லெக் பீசா நாலு வையிண்ணே" என்பார்கள் ஒரு கோழி வாங்க வந்தவர்கள். "ஆண்டவன் கோழிக்கு ரெண்டு காலுதாம்மா வெச்சான்" என்பேன்.

ஈரல் குழந்தைகளுக்கு. கழுத்து, குழம்பு ருசி தெரிந்தவர்களுக்கு. நெஞ்சு மட்டும் யாருக்கும் வேண்டாம். "சக்கையா இருக்கும், தள்ளி வையி" என்று விரலால் காட்டுவார்கள். ஜிம்முக்குப் போகிற பையன்கள் தேடி வர ஆரம்பித்ததெல்லாம் பிற்காலத்தில்தான்.

மிஞ்சிய நெஞ்சுக்கறி எங்கள் வீட்டுக்கு வரும். லூர்து அதைக் கொத்திப் பொடிமாஸ் செய்வாள், உருண்டை பிடிப்பாள், உதிர்த்து முட்டையோடு புரட்டுவாள். "ஊரு வேணான்னு சொன்னது நம்ம வூட்ல விருந்து" என்று சிரிப்பாள். அவளுக்குப் பிடித்தது என்னவோ கழுத்துதான்.

தின்கிற நாள், தின்னாத நாள்

கோழிக்கடைக்காரனுக்கு நாளில் இரண்டே வகைதான். ஊர் கறி தின்கிற நாள், தின்னாத நாள். அமாவாசை, கிருத்திகை, சனிக்கிழமைக்காரர்கள், ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள், எங்கள் தவக்காலம், பாய்மார்களின் நோன்பு, எல்லாவற்றுக்கும் மேலே புரட்டாசி மாதம். இதில் ஒன்றைத் தவறவிட்டாலும் கோழி கூண்டிலேயே தங்கிவிடும். தீனி போட்டு மாளாது, வெயிலில் செத்தும் போகும்.

எனக்கு ஒன்றும் தவறியதில்லை. அதில் எனக்குப் பெரிய பெயர். "ஐயருக்குத் தெரியாத கிருத்திககூட சவரிக்குத் தெரியும்" என்று பஜாரில் சொல்வார்கள். டீக்கடையில் நான் போய் நின்றாலே, "நாளைக்கு இன்னா விசேஷம் சவரி?" என்று கேட்பார்கள். நானும் பஞ்சாங்கத்தை மடியில் கட்டிக்கொண்டு அலைகிறவன் மாதிரிச் சொல்வேன். ஞானஸ்நானம் வாங்கினவன் அமாவாசை சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டு போவார்கள்.

கடையை மூடிய கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். லூர்து போன பிறகு ஒரு வருடம்கூட ஓட்ட முடியவில்லை, புதுக்கடைகள் வந்து என் வியாபாரத்தைப் படுக்கவைத்துவிட்டன, கோழி தேங்கித் தேங்கி நஷ்டம் என்று புலம்பியிருந்தேன். அதை இந்த அத்தியாயத்தின் கடைசியில் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

அந்தோணியின் வெள்ளிக்கிழமை

ஓவன் என் மகன் அந்தோணி வாங்கிக் கொடுத்தது. குவைத்தில் இருக்கிறான். போன லீவில் வந்தபோது, நான் மூன்று வேளையும் ரசத்தை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, விழுப்புரம் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"எண்ணெ வேணாம், நின்னு கிண்ட வேணாம். ஒரே நாள்ல மொத்தமா போட்டு டப்பா டப்பாவா ஃப்ரிட்ஜில வெச்சிக்க நைனா. வாரம் பூரா ஓடிடும்."

"வாரம் பூரா அதையேவாடா?"

"நான் அப்பிடித்தான் நைனா சாப்புடுறேன். வெள்ளிக்கெழம லீவுல போட்டுருவேன்."

சொல்லிவிட்டு ஓவன் அட்டைப்பெட்டியைப் பிரிக்கக் குனிந்துகொண்டான். எத்தனை வருடமாக அப்படி என்று நான் கேட்கவில்லை. லூர்து இருந்திருந்தால் கேட்டிருப்பாள்.

செய்முறையைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தான். நெஞ்சுத் துண்டை உப்புத் தண்ணீரில் ஊற வை. எடுத்துத் துணியால் ஈரம் போக ஒற்று. தடித்த பக்கத்தைச் சப்பாத்திக் கட்டையால் தட்டிச் சமமாக்கு. எலுமிச்சை, மிளகு, பூண்டு, ஒரு கரண்டி தயிர். ஓவனை முதலில் சும்மா சூடு பண்ணு.

"வெறும் அடுப்ப எதுக்குடா சூடு பண்ணணும்?"

"பண்ணு நைனா."

வெந்ததும் உடனே வெட்டாதே, மூடி வைத்து ஆறவிடு, அப்போதுதான் சாறு உள்ளே நிற்கும் என்றான். முப்பது வருடம் கோழி வெட்டியவனுக்குக் கறி பாடம் நடத்தினான் என் பிள்ளை. சொன்னபடி செய்து ஒரு துண்டைக் குறுக்கே அரிந்து வாயில் போட்டேன். சக்கை என்று ஊர் ஒதுக்கிய கறி, மெத்தென்று நாக்கில் நின்றது.

அவன் விமானம் ஏறிய பிறகு நானும் ஞாயிறுதோறும் ஒரு ஈடு போட்டேன். இட்லிக்கு ஈடு என்றால் கோழிக்கும் ஈடுதான். திங்கள் நெஞ்சுக்கறி, செவ்வாய் நெஞ்சுக்கறி. புதன்கிழமைக்கு மேல் டப்பாவைத் திறக்கவே வெறுப்பாக இருக்கும். ருசியில் குறையில்லை. எதிரே ஆள் இல்லாததுதான் குறை. நன்றாக வந்ததை நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லக்கூட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

"வீட்டோட வாங்க"

எனக்கு இந்த ஊரில் மிச்சமிருக்கிற சிநேகிதர்கள் இரண்டே பேர். பாத்திரக்கடை சண்முகம் என் வயது. இருதயத்தில் ஆபரேஷன் ஆனவர். எண்ணெய், தோல், கொழுப்பு எதுவும் ஆகாது. மளிகைக்கடை குப்புசாமி எங்களைவிட இளையவர், ஆனால் முழுப் பல்செட்டுக்காரர். எலும்பு ஆகாது. கறி ஆசை மட்டும் இரண்டு பேருக்கும் குறையவில்லை.

எண்ணெய் இல்லை, தோல் இல்லை, எலும்பு இல்லை. இவர்கள் இரண்டு பேருக்காகவே அளவெடுத்துத் தைத்த மாதிரியான கறி என் ஓவனில் இருக்கிறது என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. அன்று சாயங்காலமே டீக்கடையில் வாயைத் திறந்தேன். திறப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

"ஏம்பா, லூர்து போயி ரெண்டு வருசம் ஆவப்போவுது. எங்க வூட்ல ஒருத்தரும் வந்து ஒரு வாய் சாப்புடல. வர்ற ஞாயித்துக்கெழம மத்தியானம் ரெண்டு பேரும் வீட்டோட வாங்க. நானே சமைக்கிறேன்."

குப்புசாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழமையா சவரிண்ணே?"

"ஆமா. வேற வேல இருக்குதா?"

"இல்லண்ணே, இல்ல. கண்டிப்பா வரோம்."

அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எதற்கு இந்த மனுஷன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சண்முகம் என் தோளில் கையை வைத்து அழுத்தி, "நல்ல காரியம் சவரி" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தேன், என்மேல் இவ்வளவு பிரியமா இவர்களுக்கு என்று.

ஐந்து கிலோ

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக, இப்போது வேறொருவர் எடுத்து நடத்துகிற என் பழைய கடைக்குப் போனேன். ஈ ஓட்டிக்கொண்டிருந்தது கடை. ஞாயிறு காலையில் என் காலத்தில் ரோடு வரை ஆள் நிற்கும். இப்போது ஒரு பாய் மட்டும் தம் பையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"நெஞ்சு எவ்ளோ இருக்குது தம்பி?"

"எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கண்ணே. இன்னைக்கி யாரு வரப்போறாங்க" என்றார் கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வராத மாதிரி ஒருவன் வியாபாரம் பண்ணுகிறானே, நம் கையை விட்டதும் கடை இப்படிப் படுத்துவிட்டதே என்று உள்ளுக்குள் பரிதாபப்பட்டேன். கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். அப்புறம் ஐந்து கிலோ போடச் சொன்னேன். இரண்டு குடும்பம், பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். கூடவே என் கைக்குக் கிலோக்கணக்கைத் தவிர வேறு கணக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர் பஸ்கள் வரிசையாக நின்றன. ஏறுகிற கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. முகூர்த்த நாள் போலிருக்கிறது என்று நினைத்தபடி கறிப்பையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தேன். இரண்டு பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வீட்டில் என் பழைய கத்தியைத் தீட்டி, கொழுப்பும் சவ்வும் ஒரு நூல் இல்லாமல் எடுத்தேன். உப்புத் தண்ணீர், துணி, சப்பாத்திக் கட்டை எல்லாம் ஆயிற்று. ஓவன் சின்னது. ஐந்து கிலோவும் ஒரே ஈட்டில் கொள்ளாது. அதனால் முதல் ஈட்டை ஏற்றிவிட்டுத்தான் முக்காலியில் உட்கார்ந்தேன். கரண்ட் போய்விடக் கூடாது என்று மாதாவுக்கு ஒரு வேண்டுதல் வேறு.

கரண்ட் போகவில்லை. முதல் ஈடு பொன்னிறமாக இறங்கியது. மூடி வைத்துவிட்டு இரண்டாவதை ஏற்றினேன். சட்டை மாற்றினேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வாசலில் இரண்டு பேர்

சண்முகமும் குப்புசாமியும் மட்டும் வந்திருந்தார்கள். குளித்து, சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி. சண்முகத்தின் கையில் அடுக்கு டிபன் கேரியர். குப்புசாமியின் கையில் தலைவாழை இலைக்கட்டும், மல்லிகை மாலையும், ஒரு தேங்காயும்.

விருந்துக்கு வருகிறவர்கள் எதற்கு இலை கொண்டுவருகிறார்கள்? "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்றேன். குப்புசாமி படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்தார்.

"சவரிண்ணே, உள்ள இன்னா வேவுது?"

"கோழிதான். பயப்படாத, சொட்டு எண்ணெ கெடையாது. சண்முகம் தாராளமா சாப்புடலாம். உன் பல்செட்டுக்கும் ஒண்ணும் ஆவாது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்முகம்தான் மெதுவாகச் சொன்னார்.

"இன்னைக்கு அமாவாசப்பா. மகாளய அமாவாச."

வேறு எந்த அமாவாசையை மறந்தவனும் இதை மறக்க மாட்டான். செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, வீடு வீடாகப் படையல் போடுகிற நாள். ஊரில் அடுப்பில் மீன்சட்டிகூட ஏறாது. அதுவும் புரட்டாசி பிறந்து நடக்கிறது. எதிர்வீட்டு ஜன்னல், காலியான கடை, அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம், எல்லாம் வரிசையாக என் கண்முன் வந்து நின்றன.

"லூர்தக்காவுக்குப் படையல் வெக்கப்போறீங்கன்னு நெனச்சோம்ணே" என்றார் குப்புசாமி. "அக்கா போயி ரெண்டு வருசம்னு சொல்லி, இந்த ஞாயித்துக்கெழமைய சொன்னீங்க. வேதக்காரரா இருந்தும் நம்ம நாளப் பாத்து வெச்சிருக்காருன்னு வீட்ல சொன்னேன். அவ அழுதுட்டா. உங்களுக்குத் தெரியாத அமாவாசையா?"

அந்தச் சமயம் பார்த்து உள்ளே ஓவன் டிங்கென்று மணி அடித்தது. இரண்டாவது ஈடும் வெந்துவிட்டது.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இவர்கள் இப்போது இந்தப் படியிலிருந்து திரும்பிப் போனால், இனி இந்த வீட்டுக்கு யாரையும் கூப்பிட எனக்கு வாய் வராது. ஆனாலும் படையல் போட்டுவிட்டு வந்தவர்களைக் கறி வெந்த வீட்டுக்குள் இழுக்க முடியுமா?

"தெரியாம பண்ணிட்டேன்பா. நீங்க போங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

சண்முகம் டிபன் கேரியரை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"போறதுக்கா இத்தத் தூக்கிக்கினு இவ்ளோ தூரம் வந்தேன்? எங்க வூட்டு சரசு விடியாங்காட்டியும் எழுந்து சுட்ட வடை. உள்ள வேணாம். வேற எடம் காட்டு."

கூண்டு இருந்த இடம்

வேறு இடம் என்று என் வீட்டில் இருப்பது ஒன்றுதான். பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை. முப்பது வருடம் கோழிக்கூண்டுகளை அடுக்கி வைத்திருந்த இடம். எத்தனை ஆயிரம் கோழி அங்கே ராத்தங்கிப் போயிருக்கும் என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். கறி வாசனை ஆகாதென்று அந்தப் புண்ணியவான்கள் அங்கே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரிக்கிற நிலையில் இல்லாததால் அடக்கிக்கொண்டேன்.

"லூர்தக்கா படத்த எடுத்தாங்கண்ணே" என்றார் குப்புசாமி.

படத்தைக் கொண்டுவந்து பழைய தராசு மேஜைமேல் வைத்தேன். ஏற்கெனவே தொங்கிய செபமாலையின் மேலேயே அவர் மல்லிகையைப் போட்டார். நான் ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். அவர்கள் கண்ணை மூடி நின்றார்கள். குப்புசாமி தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார். லூர்துக்கு ஓர் இலை போட்டு, சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம் எல்லாம் வைத்தார்.

காக்கைக்கு வைக்க வேண்டும் என்று மதில்மேல் ஒரு பிடி சோறும் வடையும் வைத்தார். காக்கை வந்தது. சோற்றைப் பார்த்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. என் வீட்டு மதில் காக்கைகள் தலைமுறை தலைமுறையாகக் கோழிக்குடல் தின்று வளர்ந்தவை. குப்புசாமியின் முகம் வாடத் தொடங்கியது. காக்கை எடுக்காவிட்டால் போனவர்களுக்குக் குறை என்று அர்த்தம்.

"எடுத்துக்க தாயி" என்று கும்பிட்டார் அவர்.

வேறு வழியில்லாமல் காக்கை வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது. "அக்கா ஏத்துக்கிச்சி" என்று குப்புசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன்.

சாப்பிட உட்காரும்போது சண்முகம் லூர்துவின் இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவங்களுக்கு ஒரு துண்டு கோழி வையி சவரி. அவங்களுக்கு ஏது அமாவாச."

நான் உள்ளே போய் முதல் ஈட்டில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, குறுக்கே அரிந்து கொண்டுவந்தேன். நான் வைத்து முடிக்கும்வரை குப்புசாமி மலைப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். பாயசத்துக்குப் பக்கத்தில் நெஞ்சுக்கறி. கழுத்து இல்லையா என்று அவள் கேட்டிருப்பாள்.

மூவரும் சாப்பிட்டோம். வடை ஆறிப்போயிருந்தது. சாம்பாரில் உப்பு தூக்கல். இரண்டு வருடத்தில் நான் அவ்வளவு சாப்பிட்டதில்லை.

அகத்திக்கீரை

"எங்க வூட்டு அமாவாசையே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்" என்றார் சண்முகம் பாயசத்தை வழித்தபடி. "நீ எப்பிடி மறந்த?"

"நான் எங்க சொன்னேன்? அவ சொல்லுவா, அத்தத்தான் நான் சொல்லுவேன்."

யோசிக்காமல்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் கிடையாது. கோயில் கொடுத்த காலண்டரில் புனிதர்களின் திருநாள்தான் இருக்கும். லூர்து சாயங்காலம் காய் வாங்கப் பஜாருக்குப் போவாள். திரும்பி வந்து கூடையை இறக்கும்போதே, "அந்தோணி நைனா, அகத்திக்கீர கட்டுக்கட்டா வந்து குமிஞ்சிருக்குது. வாழக்காய தொட முடியல. நாளைக்கு அமாவாச. பதினஞ்சி கோழி போதும்" என்பாள். அமாவாசையன்று மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுப்பார்கள், படையலுக்கு வாழைக்காய் வாங்குவார்கள். துளசிமாலை விலை ஏறினால் புரட்டாசி. பூக்காரி கதம்பத்தை அதிகம் கட்டினால் கிருத்திகை. இப்படி ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஓர் அடையாளம் இருந்தது.

நான் சரி என்பேன். மறுநாள் டீக்கடையில் போய் என் சரக்காக அவிழ்த்துவிடுவேன். முப்பது வருடம் சொல்லிச் சொல்லி, எனக்கே தெரியும் என்று நம்பிவிட்டேன்.

அவள் போன பிறகு கூண்டில் கோழி தேங்கியது என்று எழுதினேனே, அது புதுக்கடைகளால் இல்லை. ஊர் தின்னாத நாட்களிலும் நான் வழக்கமான கணக்குக்கே கோழி இறக்கிக்கொண்டிருந்தேன். சொல்ல ஆள் இல்லை. அந்தக் கடைக்காரர்கள்மேல் பழி போட்ட வரிகளை வாசகர்கள் தயவுசெய்து அடித்துவிடவும்.

வெயில் தாழுமுன் சிநேகிதர்கள் கிளம்பினார்கள். மேல்மலையனூர் போக வேண்டும் என்று குப்புசாமியின் மகன் வண்டியோடு வந்துவிட்டான். "ஐப்பசி பொறக்கட்டும்ணே, உங்க ஓவன் கோழிய ஒரு கை பாக்குறோம்" என்றார் குப்புசாமி. கொட்டகையைக் கூட்டிவிட்டு, லூர்துவின் இலையை மடித்து எடுத்துவிட்டு, படத்தை உள்ளே மாட்டினேன். பிறகு இரண்டு ஈடு கறியையும் டப்பாக்களில் அடுக்கினேன். ஃப்ரிட்ஜ் கதவு சாத்த மறுத்தது. துடைத்து அடுக்கிய தட்டுகளை மறுபடி பரணில் ஏற்றினேன்.

சாயங்காலம் அந்தோணி போன் செய்தான்.

"விருந்து எப்பிடி நைனா? கறி மெத்துன்னு வந்துச்சா?"

"வந்துச்சிடா. நீ சாப்டியா?"

"டப்பா இருக்குது. அதான் சாப்புடப்போறேன்."

"அங்க கூட உக்காந்து சாப்புட ஆளு இருக்குதாடா?"

"ரூம்ல எல்லாருக்கும் வேற வேற ஷிப்ட் நைனா" என்றான். எண்ணெய் வேண்டாம், நின்று கிண்ட வேண்டாம் என்று அவன் எனக்குக் கற்றுக்கொடுத்த சமையல் எங்கே பிறந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. போனை வைக்க இருவருக்கும் மனமில்லை.

அந்த வாரம் முழுக்க நெஞ்சுக்கறி. அடுத்த வாரமும் பாதி அதிலேயே ஓடியது. புரட்டாசியில் அந்தத் தெருவில் யாரிடம் நீட்ட முடியும்?

இப்போதெல்லாம் சாயங்காலம் பஜாருக்கு ஒரு நடை போய்வருகிறேன். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. கூடைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஒருநாள் கீரைக்காரம்மாவின் முன்னால் அகத்திக்கீரை இடுப்பளவு குவிந்திருந்தது. பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒரு பெண்மணி வாழைக்காய் விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டு கேட்டேன்.

"இன்னா கோழிக்காரரே, மாடு வாங்கிட்டியா?" என்றார் கீரைக்காரம்மா.

காசைக் கொடுத்தேன். கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வேகவேகமாக வீட்டுக்கு நடந்தேன். மறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்கிற மாதிரி நடை. பூட்டைத் திறந்தேன். செருப்பைக் கழற்றவில்லை, லைட்டும் போடவில்லை.

"லூர்து, நாளைக்கு அமாவாச. பதினஞ்சி கோழி போதும்."